இரண்டு டம்ளர் விஞ்ஞானி

ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டால், மருந்துக்கடைப் பையன் ‘காதுக்கா, புண்ணுக்கா?’ என்பான். ‘பாகற்காய்க்கு’ என்பார் நம் மாடித்தோட்டக்காரர். அதோடு விட்டால் பரவாயில்லை. பின்னால் நிற்கும் காய்ச்சல்காரருக்கும் சேர்த்து வகுப்பு நடக்கும்: பாட்டிலில் இருப்பது 6 சதவீதம், சரிபாதி தண்ணீர் ஊற்றினால் 3, வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும், அதனால்தான் பழுப்பு பாட்டில். 1818-இல் தெனார் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டுபிடித்ததே இவருடைய மொட்டைமாடிக்காகத்தான் என்பது போல் பேசுவார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு டம்ளர். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் மருந்துத் தண்ணீர், இரண்டிலும் பாகல் விதை. ‘ஒப்பிட்டுப் பார்க்காம ஆராய்ச்சி ஏது சார்?’ மருந்து டம்ளர் விதை முந்திக்கொண்டால், விடிந்ததும் விடியாததுமாக நம் வீட்டு மணி அடிக்கும். ஈரத்துணியைப் பிரித்து வெள்ளை முளையைக் காட்டுவார். தண்ணீர் டம்ளர் முந்தினால்? அது அடுப்புப் பக்கம் இருந்தது, சூடு பட்டிருக்கும். இடம் மாற்றி வைத்தும் தண்ணீரே ஜெயித்தால், வீட்டம்மா டம்ளரை மாற்றி வைத்துவிட்டார். (அந்த அம்மாள் காப்பி ஆற்ற டம்ளர் தேடி வந்தவர்.) இரண்டும் ஒரே நாளில் முளைத்தால், மருந்தின் ஆவி பக்கத்து டம்ளருக்கும் போயிருக்கும். இரண்டும் அழுகினால் விதைக்கடைக்காரன் அயோக்கியன். பெராக்சைடு தோற்று நான் பார்த்ததே இல்லை.

விதையைப் போட்டதும் நுரை வரும். ‘மூச்சு விடுது பாருங்க!’ உண்மையில் விதையிலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி, அந்தத் திரவத்தைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துத் தள்ளுகிறது, ஆளை விட்டால் போதும் என்று. விதையின் மனநிலை எனக்குப் புரிகிறது.

விதைத்தோலில் ஒட்டிய பூஞ்சையைப் பெராக்சைடு கொல்லும் என்பது நிஜம்தான். ஆனால் அதே டம்ளரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவையும் கலப்பாரே, அதற்கு என்ன சொல்ல? பாவம், அதுவும் செத்துவிடுமே என்றால், ‘அது நல்ல பாக்டீரியா சார், ஒண்ணும் ஆகாது’ என்கிறார்.

என் புகார் வேறு. இரண்டு இலை விட்டதும் செடி அவருக்குச் சலித்துவிடும். குழித்தட்டோடு படியேறி வந்து, ‘உங்க வீட்லதான் சார் நல்லா வரும்’ என்று தள்ளிவிட்டுப் போவார். தண்ணீர் ஊற்றுவது நாம். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிப்பது நாம். ஊருக்குப் போனால் செடிக்காக எதிர்வீட்டில் சாவி கொடுத்துக் கெஞ்சுவதும் நாம். காய்த்த பிறகு மட்டும் ‘நம்ம பெராக்சைடு காய்’ என்று பையோடு வருவார். இது என்ன நியாயம்?

இப்போது பாகற்கொடி என் வீட்டுத் துணிக்கொடி முழுக்கப் படர்ந்துவிட்டது. சட்டை காயப்போட இடமில்லை. ‘பந்தல் போடக் கொஞ்சம் கைகொடுங்க சார்’ என்று கேட்டேன்.

‘பந்தல்ல ஆராய்ச்சி பண்ண என்ன சார் இருக்கு?’ என்றவர், தக்காளி விதை ஊறவைக்க என்னிடமே ஒரு டம்ளர் கேட்டார்.