ஐந்து பேர் குறைகிறது

புத்தராக எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கண்டியில் கேட்டால், 'சாராசங்க்ய கல்ப லக்ஷ' என்பார்கள். நாலு அசங்கியமும், மேலே ஒரு லட்சமும் கல்பங்கள். பழைய பாலி இலக்கணக்காரர்கள் கோடியில் தொடங்கி, ஏழேழு பூச்சியமாக ஒட்டிக்கொண்டே போய், 140ஆவது பூச்சியத்தில் அசங்கியத்தை நிறுத்தினார்கள். கண்ணுக்கு எட்டும் அண்டம் முழுவதிலும் உள்ள அணுக்களே சுமார் 80 பூச்சியத்தில் அடங்கிவிடும்.

அந்த உபரி லட்சம்தான் வேடிக்கை. நாலு அசங்கியம் அருமையான முழு வர்க்கம். இரண்டின் பின்னே 70 பூச்சியம் போட்டு, அதை அதனாலேயே பெருக்கினால் வந்துவிடும். லட்சம் வந்து விழுந்ததும் அழகு கெட்டது. அடுத்த வர்க்கத்தைப் பிடிக்க இன்னும் ஒரு 71 இலக்கத் தொகை தேவை. லட்சமும் சேர்ந்த மொத்த எண், மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று எதனாலும் மிச்சமில்லாமல் வகுபடாது. ஆனாலும் ஐந்து சதத்தையும் விடாத தோட்டத்துக் கணக்கப்பிள்ளை போல, அந்த லட்சத்தை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. இத்தனை பெரிய எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் வருவது வெறும் ஐந்து.

அந்த ஐந்துக்குத்தான் கண்டி இராச்சியத்தில் பஞ்சம் வந்தது.

ஒருவருக்கு உபசம்பதா கொடுத்து முழுப் பிக்குவாக்க, இலங்கை போன்ற எல்லைத் தேசங்களில் குறைந்தது ஐந்து முழுப் பிக்குகள் கூடவேண்டும். 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அந்த ஐவர் இல்லை. கணின்னான்சேமார் எனப்பட்ட, உபசம்பதா பெறாத துறவிகள் இருந்தார்கள், விகாரைக் காணியோடும் குடும்பத்தோடும். 141 இலக்கத்தைப் பிசகாமல் ஒப்பிக்கும் நாட்டில் ஒரு கை விரலுக்கு ஆள் தேறவில்லை. வெலிவிட்ட சரணங்கரர் எவ்வளவு படித்தும் ஐம்பது வயது தாண்டியும் இளநிலைத் துறவியான சாமணேரராகவே இருந்தார்.

சரி, சயாமிலிருந்து இறக்குமதி செய்வோம் என்றார்கள். கப்பல் ஒல்லாந்தருடையது, பௌத்தத்தின் மேல் பக்தி முற்றியதால் அல்ல, கறுவா தடையில்லாமல் கிடைக்கவேண்டுமே! 1741இல் போன கப்பல் பெகு கரையில் உடைந்தது. இரண்டாவது தூது போயிருக்கையில் இங்கே அரசர் காலமாகி, அதுவும் வெறுங்கையோடு முடிந்தது. மூன்றாவது தூதுதான் உபாலி தேரரையும் பரிவாரத்தையும் 1753இல் கண்டிக்குக் கொண்டுவந்தது. சரணங்கரர் ஒருவழியாகப் பிக்குவானார். கையோடு சங்கராஜராகவும் ஆனார்.

இந்த மூன்றாவது தூதை முன்னின்று நடத்தியவர் அடுத்த அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். நாயக்கர் வம்சம், நெற்றி நிறையத் திருநீறு. அந்த நீறு சிலர் கண்ணை உறுத்தியது. 1760இல் அவரைத் தீர்த்துக்கட்டிவிட்டு ஒரு சயாம் இளவரசனை அமர்த்தச் சதி நடந்தது. ஆசனத்துக்கு அடியில் குழி வெட்டி ஈட்டி நட்டார்கள் என்பது கதை. சதிக்கு மட்டும் ஆள் பஞ்சமே இல்லை. பட்டியலில் சங்கராஜரும் இருந்தார்!

அரசருக்கு முன்பே தகவல் எட்டிவிட்டது. பிரதானிகள் சிலர் தலை போயிற்று. சங்கராஜரைச் சில காலம் அடைத்துவைத்து விட்டுவிட்டார். கருணைதான், சந்தேகமில்லை. ஆனால் அடுத்த ஆண்டே ஒல்லாந்தரோடு போர் மூண்டது. பிக்கு குறைந்தால் இனி யாரிடம் போய்க் கப்பல் கேட்பது?