புத்தகப் பெரியப்பா

எல்லாச் சொந்தத்திலும் ஒருத்தர் இருப்பார். பெரும்பாலும் வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் ஜோல்னாப் பை. கல்யாண வீட்டில் எல்லோரும் ஜானவாச காரைப் பார்க்க வாசலுக்கு ஓடும்போது, இவர் மட்டும் பந்திப் பக்கம் போய் கைக்குழந்தைக்காரிகளாகத் தேடிக்கொண்டிருப்பார். "பிள்ளைக்கு என்ன படிக்கக் குடுக்குறே?" என்று கேட்பார். குழந்தைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை என்பது அவருக்கு ஒரு பதிலாகவே படாது.

நாடி பிடிப்பது அம்மாவிடம், மருந்து பிள்ளைக்கு. பையன் பொய் சொல்கிறானா? அதற்கொரு கதை. தங்கச்சியைக் கிள்ளுகிறானா? அதற்கொரு ரஷ்யக் கதை. "முன்னேற்றப் பதிப்பகம், மாஸ்கோ. என்ன தாள், என்ன படம்! இப்போ கிடைக்காது." இந்த 'இப்போ கிடைக்காது' என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் களை இருக்கிறதே, கிடைக்கிற புத்தகத்தைச் சொல்லும்போது ஒருநாளும் வந்ததில்லை. 1972இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி, கிடைக்காது. வாண்டுமாமா நடத்திய காலத்துப் பூந்தளிர், கிடைக்காது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என்கிட்ட இருக்கு" என்பார். இன்னும் தாழ்த்தி, "ஆனா வெளிய தர்றதில்ல."

தருகிற புத்தகங்களும் உண்டு. காக்கி அட்டை போட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயரும் தேதியும் எழுதிக்கொண்டு தருவார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரும் ஃபோனில் முதல் விசாரிப்பு புத்தகத்தின் உடல்நலம்தான். "ஈரம் படாம வெச்சிருக்கியா?" பிள்ளைக்கு டெங்கு என்று அழுதாலும், "அடடா, படுத்துக்கிட்டே படிக்கலாமே" என்பார். படித்து முடித்த பிள்ளைக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. அதற்குப் பயந்தே எங்கள் அக்கா மகன் பின்னட்டையை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருந்தான். முழு மதிப்பெண் வாங்கினான்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது ஒன்று. பெரியப்பா அதில் சின்னத் திருத்தம் செய்திருக்கிறார்: அவர் சொல்லும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் உங்கள் பிள்ளை உண்டு.

டோட்டோ-சான் விஷயத்தில்தான் அவர் ஆபத்தானவர். பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, ரயில்பெட்டிகளை வகுப்பறையாக்கிய இன்னொரு பள்ளியில் போய்ச் சேரும் கதை அது. 1981இல் ஜப்பானில் வந்தது, தமிழிலும் உண்டு. அருமையான புத்தகம், சந்தேகமே இல்லை. பிள்ளையிடம் கொடுத்தால் போதாதா? எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போகும் தகப்பன் கையில் திணித்து, "ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட குடுத்துடு, அவங்களும் கத்துக்கட்டும்" என்றார். அந்த அப்பாவியும் கொடுத்துவிட்டான். பிள்ளை இப்போது வேறு பள்ளியில் படிக்கிறது.

பெற்றோரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "இதுல மாரல் இருக்கா? இங்கிலீஷ் இம்ப்ரூவ் ஆகுமா?" தூலிகாவின் இருமொழிப் படப் புத்தகத்தைப் பிரித்தால் அம்மா இங்கிலீஷ் வரியில் விரல் வைப்பார், பெரியப்பா தமிழ் வரியில் விரல் வைப்பார். பிள்ளை இரண்டு விரலையும் நகர்த்திவிட்டு யானையைப் பார்க்கும்.

சில சமயம் மனிதர் சரியாகவே சொல்லிவிடுகிறார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசிய'த்தை, அது 2020இல் பால சாகித்திய விருது வாங்கியதற்காக அல்ல, தப்பாகத் தொடுகிறவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச நாக்கு எழாத வீடுகளுக்காகவே தேடித் தேடிக் கொடுத்தார். அதற்கு மட்டும் நோட்டில் பெயர் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது திரும்பி வரக் கூடாத புத்தகம்" என்றவர், அடுத்த மூச்சில் என்னிடம் இருக்கும் வள்ளியப்பாவைக் கேட்டார்.

அவரை முழு வீச்சில் பார்க்க வேண்டுமானால் ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போக வேண்டும். கடைக்காரர் தோற்றுப்போவார். வாங்க வந்தவர்கள் இவரிடமே பில் கேட்பார்கள். இந்த முறை கூடப் போயிருந்தேன். பத்து வயதுப் பெண்ணோடு வந்த ஒரு குடும்பத்தை இவர் பிடித்த அதே நேரத்தில், மறுபக்கத்திலிருந்து இன்னொரு ஜோல்னாப் பை வந்தது. இவர் அம்புலிமாமா என்றார். அவர் கோகுலம் என்றார். இவர் வாண்டுமாமா என்றார், அவர், "அதெல்லாம் நம்ம காலம் சார். இப்போ உதயசங்கர், விஷ்ணுபுரம் சரவணன்னு எவ்வளவு பேர் எழுதறாங்க!" என்றார். குடும்பம் நைசாக நழுவியது. அந்தப் பெண் கையில் பேய்க்கதைப் புத்தகம் ஒன்று இருந்ததைப் பார்த்தேன். இவர்கள் பார்க்கவில்லை.

"பில் போடணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்று கடைப் பையன் சொன்னதும் இருவரும் தள்ளி நின்று தொடர்ந்தார்கள். பேச்சு பெ. தூரன் தொகுத்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்கு வந்தபோது சட்டென்று இருவர் குரலும் குழைந்தது. மொத்தம் பத்துத் தொகுதிகள்.

"என்கிட்ட எட்டாவது மட்டும் இல்ல" என்றார் எங்கள் பெரியப்பா.

"என்கிட்ட இருக்கு."

பெரியப்பாவின் கை, அவரை அறியாமலே, பையிலிருந்த நோட்டைத் தேடியது.

"ஆனா வெளிய தர்றதில்ல" என்றார் மற்றவர்.