முறமும் வளைகோடும்

ஏழாம் மாதத்தில் பிறந்தது பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத கணக்கு. வயிற்றுக்குள் ஒரு மாதம் கூடுதலாக இருந்துவிட்டு வந்த குழந்தைக்கு ஆயுசு எப்படிக் குறையும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஹிப்போகிராட்டஸ் காலத்துக் கிரேக்க ஏடுகளிலும் இதே கணக்கு இருப்பதாகப் பின்னால் படித்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. தப்புதான், ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய தப்பு.

1964 ஏப்ரலில் கும்பகோணத்துப் பக்கம் என் தம்பி பிறந்தபோது முதலில் பார்க்கப்பட்டது இந்தக் கணக்குதான். அப்பாயி விரல்விட்டு எண்ணி, “ஏழுதான்” என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. மருத்துவச்சி கையில் வாங்கிப் பார்த்து, “ஒரு படி அரிசி கனம்கூட இல்லியே” என்றாராம். எடை போட்டது அவ்வளவுதான்.

நெல் புடைக்கிற பெரிய முறத்தில் அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்தார்கள். அதன்மேல் இலவம்பஞ்சு, பஞ்சுக்கு மேல் தம்பி. இரண்டு பக்கமும் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய கஷாய பாட்டில்கள். பாட்டில் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக் குரல் கொடுப்பது என் வேலை. அந்த இன்குபேட்டருக்கு நான்தான் தெர்மோஸ்டாட். அம்மா பாலைப் பீச்சிக் கொடுக்க, அப்பாயி வெள்ளிப் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவாள். எமன் ஏமாறட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரிக்கு அவனைத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கினார்கள். யாரும் ஆசைப்படாத மாதிரி ஒரு பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரோடுதான் அவன் பிற்பாடு ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர்வரை போனான்.

பிழைத்துக்கொண்டான். முறத்தில் கிடந்து பிழைத்த கதை எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று இருந்தது. முறத்தில் தங்காமல் போனவர்களைப் பற்றி எந்த வீட்டிலும் கதை கிடையாது. ஆகவே முறத்துக்கு வெற்றி நூற்றுக்கு நூறு.

பிழைத்த குழந்தைக்கு அடுத்த கடமை குண்டாவது. பால் டின்னின் மேல் சிரித்துக்கொண்டிருந்த கிளாக்ஸோ பேபிதான் அளவுகோல். பசும்பாலில் சர்க்கரை, ஃபாரெக்ஸ், பருப்புச் சோற்றில் நெய், தினம் ஒரு முட்டை. வளர்ச்சியை அளக்க அப்பாயி ஒரு முறை வைத்திருந்தாள்: தொடையில் எத்தனை மடிப்பு என்று எண்ணுவாள். ஒன்றரை வயதில் ஸ்டுடியோவில் எடுத்த படம் இன்னும் இருக்கிறது. மர நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அரைஞாண் கயிறு வயிற்று மடிப்புக்குள் போய்க் காணாமல் போயிருக்கும். வருவோர் போவோரிடமெல்லாம் அதைக் காட்டி, “இவனா முறத்துல கெடந்தவன்னு கேளுங்க” என்பாள்.

2022-இல் சென்னையில் என் மகளுக்கு 31 வாரத்தில் பெண் பிறந்தது. 1,380 கிராம். இந்த முறை யாரும் மாதத்தை விரல்விட்டு எண்ணவில்லை. வாரம், நாள், கிராம் எல்லாம் திரையில் ஓடின. என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல அங்கே பாட்டிலும் இல்லை. மூச்சுவிட மறந்துபோகிற குழந்தைக்கு நினைவூட்டத் தினம் காஃபீன் மருந்து கொடுப்பார்கள் என்று நர்ஸ் சொன்னார். கும்பகோணம் டிகிரி காப்பியில் ஊறிய பரம்பரைதான் என்றாலும், பிறந்த கையோடு ஆரம்பித்தவள் எங்கள் வீட்டில் இவள் ஒருத்திதான்.

கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும் என்பது அங்கே குறி. தாய்ப்பாலிலேயே புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்த ஒரு பொடியைக் கலந்தார்கள். ஏற்கெனவே அமிர்தம் என்று சொல்லி வந்த பாலுக்கு இப்படி ஓர் இணைப்பு தேவைப்படும் என்று அப்பாயியிடம் சொல்லியிருந்தால் மருத்துவமனைக்குத் தீ வைத்திருப்பாள். ஆனால் பால் செலுத்திய குழாயை எடுத்த பிறகு ஒரு நாள் நர்ஸ் கொண்டுவந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பாலாடை! கொதிநீரில் சுத்தம் செய்த எவர்சில்வர் பாலாடை. எங்கள் வீட்டு வெள்ளிப் பாலாடை அந்த நேரம் பரணில் கறுத்துக் கிடந்தது. குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல்படக் கட்டிவைக்கும் கங்காரு முறையும் இருந்தது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிவைத்தது அது. தட்டுப்பாட்டில் பிறந்த வைத்தியம் பணக்கார நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான குழப்பம். டாக்டரம்மா வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, “நல்லா போகுது, குண்டாக்கிடாதீங்க” என்றார். குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் குண்டாக்காதே என்று ஒரு வைத்தியர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அவர் விளக்கியதும் நான் பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்து எனக்குப் புரிந்தது இவ்வளவு. முன்கூட்டியே வந்த குழந்தை, பிறந்திருக்க வேண்டிய தேதியை எட்டும்போது, முழுமாதக் குழந்தையைவிட எடையிலும் உயரத்திலும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆனால் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருக்கும். குறைவது தசை. புனேயில் யாஜ்னிக் குழுவினர் முழுமாதக் குழந்தைகளிடமே இதற்கு உறவான ஒன்றைக் கண்டார்கள்: இங்கிலாந்துக் குழந்தை சராசரி 3.5 கிலோ, புனேக் குழந்தை 2.7 கிலோ, கை கால் ஒல்லி, தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தராசு இதையெல்லாம் சொல்லாது. மருத்துவச்சியின் கையும் சொல்லாது, 1,380 என்று காட்டிய திரையும் சொல்லாது. இரண்டும் காட்டுவது கனத்தை. கனம் எதனால் ஆனது என்பதை அல்ல.

1982-இல் ஆலன் லூகாஸ் இங்கிலாந்தில் குறைமாதக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குச் சத்துக் கூடிய பாலும் சிலருக்குச் சாதாரணப் பாலும் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். ஏழு, எட்டு வயதில் சத்துப் பால் குடித்தவர்களுக்கு, முக்கியமாகப் பையன்களுக்கு, புத்திக் கூர்மை கூடியிருந்தது. பதின்வயதில் ரத்தத்தைச் சோதித்தபோது அதே கூட்டத்தில் இன்சுலின் எதிர்ப்பின் சாயலும் கூடியிருந்தது. 2004-இல் நியூஸிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வந்த ஆய்வும் அதே திசையில்தான்: 32 வாரத்துக்குள் பிறந்த, நாலு முதல் பத்து வயதுக் குழந்தைகளிடம் இன்சுலின் வேலைசெய்யும் திறன் குறைந்திருந்தது. ஆக, ஊட்டாமல் விட்டால் மூளை கோபித்துக்கொள்ளும்; ஊட்டித் தள்ளினால் கணையம் கோபித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் கிராம் கிராமாகத் துரத்தியதும், வீட்டுக்கு வந்தபின் நிதானம் என்றதும் இதனால்தான். இரண்டு சம்பந்திகளையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிற வேலை அது. டாக்டரம்மாவுக்குப் பாராட்டு.

அவர் சொன்னது பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று. எங்கள் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டது நோய் வந்துவிட்டது என்று. மகள் பிஸ்கட் டப்பாவை ஒளித்தாள். அப்பாயி, ஃபாரெக்ஸ் வாங்க முடிந்த பெருமையில் கேழ்வரகை ஒதுக்கினாள். மகள் ஃபாரெக்ஸை ஒதுக்கிவிட்டு, கேழ்வரகை மில்லட் மிக்ஸ் என்ற பெயரில் அரிசியைப் போல நாலு பங்கு விலை கொடுத்து வாங்குகிறாள். தொடை மடிப்பை எண்ணிய வீட்டில் இப்போது மடிப்பு தெரிந்தால் அவளுக்குப் பதற்றம். மாடி வீட்டம்மாவுக்கோ நேர் எதிர்க் கவலை: “புள்ளைக்குச் சாப்பாடு குடுக்கறீங்களா இல்லியா?”

தம்பிக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்தன. பழியை முறத்தின்மேல் போட முடியாது. அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது, ஆபீஸ் கேன்டீன் பஜ்ஜிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனாலும் 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு மூன்று வயதுக்கு முன்பே ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்கு ஒரு காரணம் சிறுநீரகம்: அங்கே ரத்தத்தை வடிகட்டும் நுண் அலகுகளில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் உருவாகின்றன. ஏறக்குறைய 36 வாரத்தோடு அந்த வேலை முடிந்துவிடும். “அப்ப நான் கம்மி ஸ்டாக்கோட வந்தவனாக்கா?” என்றான். பேத்தியின் கைக்கு வாங்கிய உள்ளங்கை அகல ரத்த அழுத்தப் பட்டையைத் தன் கட்டை விரலில் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாப்பா வெயிட் இருபத்தஞ்சாவது பெர்சென்டைல்ல கோட்டோட போகுது மாமா” என்று மகள் சொன்னபோது அவன் முகம் வாடியது.

“முப்பத்தஞ்சுதானே பாஸ்?”

நூறு குழந்தைகளை எடை குறைந்தவரிலிருந்து வரிசையில் நிறுத்தினால் இவள் இருபத்தைந்தாவது, பாஸ் ஃபெயில் கிடையாது, கோட்டை விட்டு இறங்கினாலும் சரசரவென்று ஏறினாலும்தான் கவலை என்று அவள் பொறுமையாக விளக்கினாள். எல்லாம் கேட்டுவிட்டு, “டியூஷன் வைக்கலாமே” என்றான்.

இந்த வருஷம் எல்.கே.ஜி. சேர்க்கை. மகளுக்கு ஒரு சந்தேகம்: குறைமாதக் குழந்தைக்கு, பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் திருத்திய வயது ஒன்று உண்டே, அதைப் பள்ளியில் கேட்கலாமா? டாக்டரம்மா அது இரண்டு வயதோடு சரி என்றார். பள்ளிக்கூடத்தில் அந்த விவாதத்துக்கே இடமில்லை. பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதிதான்.

தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். அவனைச் சேர்க்கக் கூட்டிப் போனபோது கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார்கள். குட்டைக் கை எட்டவில்லை. ஆனால் அந்தத் தொடையையும் வயிற்றையும் பார்த்த தலைமையாசிரியர், இவனுக்கு வயசு ஆகவில்லை என்றால் யார் நம்புவார்கள் என்று சொல்லி, பிறந்த தேதியை 1963 ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார்.

“நான் பொறந்திருக்க வேண்டியது அறுபத்துநாலு ஜூன்ல. கவர்மெண்ட்டு இந்தத் திருத்திய வயச ஒத்துக்கிட்டா எனக்கு முழுசா ஒரு வருஷச் சம்பளம் பாக்கி வருதுக்கா. அந்த டாக்டரம்மா ஒரு லெட்டர் குடுப்பாங்களான்னு கேட்டுப் பாரேன்.”