ஆமை வீட்டு விருந்தாளி

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா. அதைக் காசு குடுத்துப் போய்ப் பாக்கணுமா?"

செஷல்ஸ் தீவுகளுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்.

"அது நம்ம வீட்டுக்கு வரலைம்மா. நாமதான் அது வீட்டுக்குப் போறோம்" என்று சமாளித்தேன். அந்தக் காசு கடன் வாங்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கடனுக்கு ஜப்தி செய்ய வரும் அமீனாவும் பேச்சில் புகுந்துவிடுவார்.

நான்கு நாள் கப்பல் சுற்றுலா. மாஹே துறைமுகம் கண்ணை விட்டு மறைவதற்குள் காலைப் பலகாரத்தைக் கடலுக்குக் காணிக்கை செலுத்தினேன். மற்றவர்கள் டால்பினைத் தேட, நான் வாளியைத் தேடினேன். சமையல்காரரிடம் கெஞ்சி வாங்கிய எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே மூன்றாம் நாள் கியூரியூஸ் தீவில் இறங்கினேன்.

மரநிழலில் பத்துப் பதினைந்து ராட்சத ஆமைகள், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. ஆண் ஆமை 250 கிலோ வரை வளருமாம். நான் கிட்டே போனதும் ஒன்று 'உஸ்' என்று பிரஷர் குக்கர் போல மூச்சு விட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "கழுத்தைச் சொறிந்து விடுங்கள்" என்றார் வழிகாட்டி. பழைய தோல்பை போலச் சுருங்கிய கழுத்து. மெல்லச் சொறிந்தேன். கழுத்து நீண்டது, இன்னும் நீண்டது. நான்கு கால்களையும் ஊன்றி, ஜாக்கி வைத்துத் தூக்கிய லாரி மாதிரி எழுந்து, கண்ணை மூடிக்கொண்டது.

"ஏங்க, என் முதுகைச் சொறியச் சொன்னா பத்து செகண்டுல கை வலிக்குதும்பீங்க. இதுக்குக் கால் மணி நேரமா?" என்றாள் மனைவி. ஆமை கண்ணைத் திறக்கவில்லை. குடும்ப விஷயத்தில் தலையிடாத பண்பு.

இந்த ஆமைகளும் கப்பலேறி வந்தவைதான். 1978 முதல் 1982 வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அல்டாப்ரா தீவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஏனென்றால் இங்கேயே இருந்த ஆமைகளை மனிதர்கள் தின்று தீர்த்துவிட்டார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பிராணி. பிரிட்ஜ் இல்லாத காலத்து மாலுமிகளுக்குக் கெட்டுப்போகாத கறி. கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த அல்டாப்ராவில் மட்டும் இன்றும் சுமார் 1 லட்சம் ஆமைகள் இருக்கின்றன. பழமொழியை அம்மா தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. மனுஷன் புகுந்த ஆமை வீடுதான் உருப்படவில்லை.

கப்பலே ஏறாமல் கடல் கடந்த ஆமையும் உண்டு. 2004 டிசம்பரில் தான்சானியாக் கடற்கரையில் ஓர் ஆமை கரையேறியது. கப்பலின் அடியில் ஒட்டுமே கொட்டலசு, அது காலெல்லாம் அப்பியிருந்தது. அல்டாப்ராவிலிருந்து 740 கிலோமீட்டர் மிதந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். டிக்கெட் இல்லை, வாளி இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. கையிலிருந்த பழத்தை நைசாகப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் அம்மா வாசலிலேயே மறித்தாள். "உள்ள எதுவும் வரலையே?" பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். ஆமை இல்லை. அம்மாவுக்கு நிம்மதி.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி சிணுங்கியது. கடனின் முதல் தவணை. பழமொழியில் பாக்கி இருந்தவர் வந்துவிட்டார்.