பட்டியல் பக்தர்

கோயமுத்தூர் காந்திபுரத்தில், டிராவல்ஸ் ஆபீசுக்கும் தட்டச்சு நிலையத்துக்கும் மேலே இரண்டாம் மாடியில், ஒற்றை மின்விசிறியின் கீழ் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் டீ சொல்லி அனுப்பி உபசரிக்கும் அந்தக் கனவானுக்குப் பட்டியல் பக்தர் என்ற பெயர்தான் பொருந்தும். ஒரு வியாபாரியின் இணையதளம் கூகுளின் முதல் பக்கத்தில் பிரகாசிக்க வேண்டுமானால், பூலோகத்திலுள்ள வெப் டைரக்டரிகள் என்னும் இணையதளப் பட்டியல்கள் அத்தனையிலும் அதன் பெயரை ஏற்றிவிடுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்பது அவருடைய திடசித்தாந்தம்.

சித்தாந்தத்தில் ஒரு காலத்தில் சாரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1994-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்களுக்குப் பிடித்த தளங்களை வகை பிரித்து எழுதி வைத்த பட்டியலே யாஹூ என்னும் சாம்ராஜ்யமாயிற்று. பிற்காலத்தில் அதில் இடம் கேட்கும் வியாபாரத் தளங்கள் வருஷத்துக்கு 299 டாலர் கட்ட வேண்டியிருந்தது. 1998-ல் தோன்றிய டிமாஸ் என்ற திறந்த டைரக்டரியில் காசு கிடையாது. ஆனால் தொண்டர்களான ஆசிரியர்கள் கண்ணால் பார்த்து அங்கீகரித்தால்தான் பிரவேசம். ஒரு தளம் இன்னொரு தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பை ஓட்டாகவும், ஓட்டுப் போடுகிறவரின் யோக்கியதையை அந்த ஓட்டின் எடையாகவும் கணக்கிட்ட கூகுள், டிமாஸ் பட்டியலையே எடுத்துத் தன் பெயரிலும் சில காலம் நடத்தியது. அந்த யுகத்தைப் பற்றிப் பக்தர் பேச ஆரம்பித்தால், சொல்லி அனுப்பிய டீ வந்து, ஆறி, ஏடு கட்டிவிடும்.

வினை எங்கே வந்ததென்றால், ஆசிரியர் கண்ணால் பார்க்கும் டைரக்டரிகள் சிலவே இருக்க, ஆசிரியரே இல்லாத டைரக்டரிகள் மழைக்காலத்து ஈசல் போல் புறப்பட்டதில்தான். பதிவு செய்கிறவர்களைத் தவிர வேறு மனிதர் எட்டிப் பார்க்காத அவ்விடங்களில் பக்தர் இராப்பகலாகச் சஞ்சரித்தார். பீளமேட்டு வெட் கிரைண்டர் வியாபாரி ஒருவருக்காக அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எங்கோ கண்காணாத தேசத்து டைரக்டரி ஒன்றில் கிரைண்டருக்கென்று வகையே இல்லை. சமையலறை என்ற தலைப்பு மூடிக் கிடந்தது. சற்றும் கலங்காமல், கல் இருக்கிறதல்லவா என்று சிற்பக்கலை வகுப்பில் சேர்த்துவிட்டு, நெளிந்து கிடந்த எழுத்துக்களைக் கண்ணைச் சுருக்கிப் படித்துத் தட்டி, தாம் ரோபோ அல்லர் என்பதையும் நிரூபித்துவிட்டு, அடுத்ததற்குப் போனார்.

மாதக் கடைசியில் வியாபாரி வருவார். "ஏனுங்க தம்பி, கூகுள்ல தேடுனா நம்ம கடையக் காணவே காணமே?" என்பார்.

"பொறுங்கண்ணா, இன்னும் நூறு டைரக்டரி பாக்கி இருக்குதுங்க."

நூறு முடிந்தால் இருநூறு பாக்கி இருக்கும்.

2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற சாதுவான பெயருடன் கூகுள் ஒரு மாற்றத்தை ஏவிவிட்டது. செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளைச் சுமந்த தளங்கள் தடதடவென்று கீழே இறங்கின. மட்டமான டைரக்டரிகளின் இணைப்பு, கூகுள் கண்டிக்கும் காரியங்களின் ஜாபிதாவில் பகிரங்கமாக இடம்பெற்றது. அதே வருஷம் அக்டோபரில், வேண்டாத இணைப்புகளைத் தளத்துக்காரரே கைகழுவிவிடும் வசதியும் வந்தது. வேறொருவராயிருந்தால் கடையை மூடியிருப்பார். நம்மவர் தம்முடைய எக்செல் தாளைத் திறந்து, 'பதிவு செய்தது' என்ற தலைப்பை அழித்து, 'நீக்க வேண்டியது' என்று எழுதி, சேர்த்ததற்கு வாங்கியதைப் போல் ஒன்றரைப் பங்கு கட்டணம் நிர்ணயித்தார். யாஹூ டைரக்டரி 2014 முடிவில் மூடப்பட்டபோதும், 2017 மார்ச்சில் டிமாஸ் கண்ணை மூடியபோதும் மட்டும் அவர் முகத்தில் உண்மையான துக்கத்தைக் கண்டேன்.

டைரக்டரி என்றாலே பிரயோஜனமற்றது என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. ஊர்க்கடைகளை வரிசைப்படுத்தும்போது பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்லுகிறது. அந்தப் பிரபலத்தை அளப்பதற்கு டைரக்டரிகளும் ஓரளவு துணை செய்கின்றன. ஜஸ்ட் டயல் போல ஜனங்கள் மெய்யாகவே தேடிப் பார்க்கும் நாலு இடங்களில் பெயரும் விலாசமும் போன் நம்பரும் மாறாமல் இருந்தால் வாடிக்கைக்காரர் வழி தவறாமல் வந்து சேருவார். இதைச் சொன்னபோது பக்தர் சற்று அசௌகரியமாக நெளிந்தார். ஓ.டி.பி. உடனுக்குடன் வர வேண்டுமென்ற அவசரத்தில், கடை நம்பர் இருக்க வேண்டிய கட்டத்திலெல்லாம் தம்முடைய கைபேசி நம்பரையே கொடுத்து வைத்திருக்கிறார் மகானுபாவர்.

பேச்சின் நடுவில் போன் அடித்தது. எதிர்முனையில் ஓர் அம்மாள், கிரைண்டர் மோட்டார் ஓடுகிறது, கல் மாத்திரம் சுற்ற மறுக்கிறது என்று முறையிட்டார். "பெல்ட் தளர்ந்திருக்குமுங்க, மாத்திப் பாருங்க" என்று நல்ல அனுபவசாலியைப் போல் யோசனை சொல்லி, கடையின் நிஜமான நம்பரையும் ஒப்பித்துவிட்டு, போனைக் கீழே வைத்த கையோடு பரம திருப்தியுடன் என் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களா, டைரக்டரி வேலை செய்யுதா இல்லீங்களா?"