கடப்பாரையைக் கீழே வை, பேராண்டி

வா பேராண்டி, வா. ஃபுளோரன்ஸ்ல நாலெழுத்துப் படிச்சிட்டு வந்ததும் வராததுமா, கடப்பாரையும் கையுமா எங்க கெளம்பிட்ட? அந்த பிரெஞ்சு மெர்லோ திராட்சைக் கொடியைப் பிடுங்கவா? பேஷ்! அதை நட்டவன் உங்கப்பன். அன்னிக்கு அவனும் இதே கடப்பாரையோடதான் வந்தான், நாட்டுக் கொடியைப் பிடுங்க.

அவனைச் சொல்லியும் குத்தமில்ல. போல்கெரி கடலோரத்துல மரியோ இன்சிசாங்கிற பிரபு கபெர்னேங்கிற பிரெஞ்சுக் கொடியை நட்டாரு. 1968 அறுப்பு 'சஸ்ஸிகாயா'ன்னு கடைக்கு வந்துச்சு. அன்னிக்குச் சட்டத்துக்கு அது வெறும் மேசை ஒயின். விலையோ ராசா வீட்டு விலை. நம்ம கியாந்தி ஒயினுக்கு அப்போ 1967ல போட்ட சட்டம் என்னன்னா, செவப்பு ஒயின்ல நூத்துக்குப் பத்துப் பங்காவது வெள்ளைத் திராட்சை கலக்கணுமாம். பால்ல தண்ணி ஊத்தச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்ட கதை! ஆளாளுக்கு பிரெஞ்சுக் கொடியைத் தேடி ஓடாம என்ன செய்வான்?

இப்போ காத்து திரும்பிடுச்சு. கியாந்தி கிளாசிகோவுல 'கிரான் செலெசியோனே'ங்கிற உசந்த முத்திரை வேணும்னா, 2027 அறுப்புலேருந்து நூத்துக்கு 90 பங்காவது நம்ம நாட்டுக் கொடி சான்ஜோவேசே, மிச்சமும் நாட்டுக் கொடிதானாம். சேதி காதுல விழுந்ததுமே தொரைக்கு மண்வாசனை வந்துடுச்சு!

சரி, இங்க வந்து குனி. இந்த சான்ஜோவேசே அடிமரத்துல முண்டு மாதிரி இருக்கே, தடவிப் பாரு. ஒட்டுக் கட்டின எடம். போன நூத்தாண்டுக்கு முந்தின நூத்தாண்டுல, அமெரிக்காவுலேருந்து வந்த வேர்ப்பூச்சி ஐரோப்பாத் திராட்சைத் தோட்டங்களைச் சுடுகாடாக்குச்சு. கடைசியில அந்தப் பூச்சிக்கு அசராத அமெரிக்க வேர்லதான் நம்ம கொடியை ஒட்டிப் பொழைக்க வச்சாங்க. முண்டுக்கு மேல நம்ம டஸ்கனி, கீழ அமெரிக்கா. குலம் கோத்திரம் பாக்குற ஆளாச்சே, வேரையும் சேத்துப் பிடுங்கிடலாமா?

கேளு. மேட்டுல கல்லு உதிர்ற மண்ணு, வெயிலு, காத்து. சான்ஜோவேசே அங்கயே நிக்கட்டும்; அதுக்கு மெல்லிசு தோலு, அறுப்பு நேரத்து ஈரத்துல அழுகிடும். பள்ளத்துல களிமண்ணு. அது மெர்லோவுக்குப் புகுந்த வீடு மாதிரி. மழைக்கு முந்தியே பழுத்து வீடு வந்து சேரும். முத்திரையில்லாத சாதாரண கியாந்தி கிளாசிகோவுல 20 பங்கு வரைக்கும் அதுக்கு இன்னமும் எடமிருக்கு.

புதுசா நட்டா மூணு வருசம் வயித்துல ஈரத்துணி. மாத்தியே தீரணும்னா அடிமரத்தை விட்டுட்டு மேல ஒட்டை மாத்து. கடப்பாரையை மட்டும் வித்துடாத. உம்மவன் மெர்லோ நடக் கேப்பான்.