நாடு விட்டு வந்த நேரம்

கேள்வி: கடிகாரம் என்றாலே சுவிஸ்காரர்கள்தானே? வெளிநாட்டிலிருந்து பிழைக்கப் போனவர் அங்கே கடை போட்டு, கையால் கடிகாரம் செய்து விற்றால் எடுபடுமா?

பதில்: சுவிஸ் கடிகார நிறுவனமான படேக் ஃபிலிப் எடுபட்டதே! படேக், 1830-31 எழுச்சியில் போரிட்டு நாடிழந்த போலந்துக்காரர். கடிகாரத்தை முடுக்கத் தனிச் சாவியே வேண்டாம், குமிழைத் திருகினால் போதும் என்று மாற்றிய ஃபிலிப் பிரெஞ்சுக்காரர்.

இன்றைக்கும் ஆள் இருக்கிறார். பின்லாந்தில் பிறந்த காரி வூட்டிலைனன் 2002-ல் சுவிட்சர்லாந்தில் சொந்தப் பட்டறை தொடங்கினார். ஆண்டுக்குச் சில டஜன் கடிகாரங்கள்தான். மூடியைத் திறந்தால் மட்டுமே தெரிகிற பாகத்தின் விளிம்பைக்கூட அங்கே கையால் மெருகேற்றுகிறார்கள். எனக்கு அந்தப் பொறுமைமேல்தான் பெருமதிப்பு. ஜெனீவாவின் பெருமைமிக்க கடிகார விருதுகளை அவருக்குப் பலமுறை கொடுத்துவிட்டார்கள். இனி யாரிடம் சான்றிதழ் கேட்பது?